மைசூர் எக்ஸ்பிரஸ்: ஒரு தோள்பட்டையின் கதை

ஜவகல் ஸ்ரீநாத்தை மைசூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிவதில்லை. விடுமுறைக்கு மேல்கோட்டை வருகிறார்கள். செல்வப்பிள்ளையைச் சேவித்துவிட்டு, புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே பேஸ்பால் பந்து எறிபவர் மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் எறிகிறார் என்று நமக்குக் கணக்குச் சொல்கிறார்கள். இந்த மலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் பிறந்த ஒருவர் மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தைத் தொட்டிருக்கிறார், அதுவும் முழங்கையை மடக்கி நீட்டாமல், என்றால் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டவாவது இக்கட்டுரை பயன்படட்டும்.

ஸ்ரீநாத் 1969 ஆகஸ்ட் 31 அன்று மைசூரில் பிறந்தவர். ஜவகல் என்பது ஹாசன் மாவட்டத்து ஊர். அங்கே ஹொய்சளர் காலத்து லக்ஷ்மி நரசிம்மர் கோயில் இருக்கிறது. ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களுக்கும் புதிதல்லவே. மரிமல்லப்பா உயர்நிலைப் பள்ளியில் படித்து, ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பொறியியல் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பட்டம் பெற்றார். அந்நாளில் நம் வீடுகளில் பொறியியல் சீட்டுக் கிடைத்த பையன் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தால் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இவர் இரண்டையும் விடவில்லை. 1989-90 பருவத்தில் கர்நாடகத்துக்காக ஹைதராபாத்தை எதிர்த்து ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட். 1991 அக்டோபரில் ஷார்ஜாவில் ஒருநாள் ஆட்டம். நவம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் முதல் டெஸ்ட். வயது இருபத்திரண்டு.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்ரீநாத்துக்கு அதிர்ஷ்டம் கிடையாது என்று சொல்வது கிரிக்கெட் ரசிகர்களின் வழக்கம். பந்து மட்டையின் ஓரத்தை ஒரு நூலிழையில் தாண்டிப் போகும், பட்டாலும் ஸ்லிப்பில் நிற்பவர் கோட்டைவிடுவார் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். என் அபிப்பிராயம் வேறு. அவருக்குக் குறைந்தது அதிர்ஷ்டமல்ல, சரியான உபயோகம். ஓட வேண்டிய வயதில் ஷெட்டில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஓய்வே கொடுக்காமல் ஓட்டினார்கள். ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு இவ்விரண்டும் பழகின காட்சிகள்.

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பந்து வீசிய அந்த இளைஞருக்குச் சொந்த நாட்டில் ஒரு டெஸ்ட் ஆட மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993 ஜனவரி முதல் 1994 பிப்ரவரி வரை இந்தியா உள்நாட்டில் ஏழு டெஸ்ட் ஆடியது. இங்கிலாந்தோடு மூன்று, ஜிம்பாப்வேயோடு ஒன்று, இலங்கையோடு மூன்று. ஒன்றில்கூட ஸ்ரீநாத் ஆடவில்லை. புதுப்பந்து கபில்தேவுக்கும் மனோஜ் பிரபாகருக்கும். அதன் பிறகு கும்ப்ளே, ராஜு, சௌஹான் என்று மூன்று சுழல்பந்து வீச்சாளர்கள். கபில் அப்போது ஹாட்லியின் 431 விக்கெட் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தார்; 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் அதைத் தாண்டினார். அந்த மனிதரை எடுத்துவிட்டு இவரைப் போடு என்று யார் சொல்ல முடியும்? நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏழு ஆட்டங்களிலும் இந்தியா ஜெயித்தது. ஜெயிக்கிற அணியில் கை வைக்க எந்தக் காப்டனும் துணிய மாட்டார். ஆகையால் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை. ஆனால் வேகப்பந்து வீச்சாளருக்கு இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து வரை என்பது திரும்பக் கிடைக்காத வயது.

கபில் விலகியபின் 1994 நவம்பரில் பம்பாயில் மேற்கிந்தியத் தீவுகளை எதிர்த்து, இந்திய மண்ணில் ஸ்ரீநாத்தின் முதல் டெஸ்ட். ஐந்து விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 60 ரன்னும் அடித்தார். இந்தியா வென்றது. இங்கே ஒரு வேடிக்கை. சுழலுக்கு ஏற்ற தரை என்று சொல்லி எந்த மண்ணில் அவரை ஒதுக்கினார்களோ, அதே மண்ணில் அவருடைய டெஸ்ட் சராசரி வெளிநாட்டு சராசரியைவிட நன்றாக இருக்கிறது.

பிறகு ஓட்டம் ஆரம்பமாயிற்று. 1995 கோடையில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் கவுன்டி அணிக்கு, வால்ஷுக்குப் பதிலாகப் போனார். முதல்தர ஆட்டங்களில் 87 விக்கெட். 1996ஆம் வருஷத்து இந்திய அணியின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள்: உலகக் கோப்பை, ஷார்ஜா, இங்கிலாந்து, இலங்கை, டொரான்டோ, ஊருக்கு வந்து ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, பெட்டியை இறக்கி வைக்குமுன் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணம். பெரும்பாலும் முதல் ஓவர் ஸ்ரீநாத்தினுடையது. அந்த ஆண்டு பெங்களூர்க்காரர் வெங்கடேஷ் பிரசாத் துணைக்கு வந்தார். மூன்றாவதாக நிலைத்து நிற்க ஆள் இல்லை.

அதே வருஷம்தான் அவருடைய சிறந்த வருஷமும். அக்டோபரில் பெங்களூரில் ஆஸ்திரேலியாவோடு ஒருநாள் ஆட்டம். 216 எடுக்க வேண்டிய நேரத்தில் 164க்கு எட்டு விக்கெட் விழுந்து, டெண்டுல்கரும் வெளியேறிவிட்டார். மட்டையோடு நின்றவர்கள் இரண்டு பொறியாளர்கள், ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும். மீதி ரன்களை இருவருமே எடுத்து முடித்தார்கள். அடுத்த மாதம் அகமதாபாத் டெஸ்டில் 170 ரன் தேவைப்பட்ட தென்னாப்பிரிக்காவை 105க்கு மடக்கினார்கள். ஸ்ரீநாத் 21 ரன் கொடுத்து ஆறு விக்கெட்.

1997 தொடக்கத்தில் தோள்பட்டை பழுதாயிற்று. மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணம் போயிற்று. அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பரில்தான் டெஸ்டுக்குத் திரும்பினார்.

ரயில் அச்சு முறிவதைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை. அச்சு ஒரு நாளில் ஏற்றிய அதிக பாரத்தால் முறிவது அபூர்வம். தாங்கக்கூடிய பாரமேதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இழுபட்டு, அமுங்கி, லட்சக்கணக்கான சுற்றுகளுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதனால்தான் பணிமனையில் அச்சுக்கு அல்ட்ராசோனிக் சோதனை செய்கிறோம். வெளித்தோற்றத்தைப் பார்த்து அனுப்புவதில்லை. மனிதத் தோளுக்கும் இதே கதைதான் என்று தோன்றுகிறது. ஒரு வித்தியாசம்: இரும்புக்கு ஓய்வு கொடுத்தால் கீறல் ஆறாது, தசைநாருக்கு ஆறும். ஓய்வு கொடுத்தால்.

அமெரிக்கர்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறக்குறைய நூறு பந்து எறிந்ததும் இறக்கிவிடுவார்கள். பிறகு நான்கைந்து நாள் அவர் எறிவதில்லை. ஸ்ரீநாத் ஒரு டெஸ்டில் ஒரே நாளில் இருபது ஓவர் வீசினால் 120 பந்து, மறுநாள் காலையில் மறுபடியும் புதுப்பந்து. பிட்சர் முழங்கையைச் சொடுக்கி எறிவதால் அவருக்கு முழங்கைத் தசைநார் போகும். டாமி ஜான் என்ற இடக்கை பிட்சருக்கு 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். 1975 முழுவதும் அவர் ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். நம் விளையாட்டில் முழங்கையை நீட்டி எறிவது தவறு. ஆகவே ஓடிவரும் வேகத்தை முதுகும் தோளும் முன்காலும் தாங்க வேண்டும். பழுது அங்கேதான் வரும்.

திரும்பி வந்த ஸ்ரீநாத்தின் ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது 1999 பிப்ரவரி. 7ஆம் தேதி டெல்லியில் பாகிஸ்தானை எதிர்த்துக் கும்ப்ளே ஒன்பது விக்கெட் எடுத்துவிட்டார். பத்தாவதும் அவருக்கே கிடைக்கட்டும் என்று மறுமுனையில் ஸ்ரீநாத் ஸ்டம்புக்கு வெகு வெளியே வீசினார். நடுவர் வைடு கொடுத்தார். தன் விக்கெட் கணக்கை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த வேகப்பந்து வீச்சாளரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஒன்பது நாள் கழித்துக் கல்கத்தா ஈடன் கார்டனில் அதே பாகிஸ்தான். முதல் நாள் காலையில் 26 ரன்னுக்கு ஆறு விக்கெட்! அவர்கள் எப்படியோ 185 வரை வந்துவிட்டார்கள். ஸ்ரீநாத்துக்கு அதில் ஐந்து. இரண்டாவது இன்னிங்ஸில் சயீத் அன்வர் கடைசிவரை நின்று 188 அடிக்க, மறுபக்கம் ஸ்ரீநாத் 86 ரன்னுக்கு எட்டு விக்கெட். மொத்தம் 132க்குப் பதின்மூன்று. டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதில் கலவரம் மூண்டு, கடைசி நாளில் ஜனங்களை வெளியேற்றிவிட்டு, காலி அரங்கத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். இந்தியா 46 ரன்னில் தோற்றது. வாழ்நாளின் சிறந்த பந்துவீச்சு தோல்விக் கணக்கில் எழுதப்பட்டது.

2002இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தபின் டெஸ்டை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். காப்டன் கங்குலி வற்புறுத்தி மீண்டும் அழைத்தார். முப்பத்து மூன்று வயதில், தென்னாப்பிரிக்காவில் நடந்த 2003 உலகக் கோப்பையில் பதினாறு விக்கெட்; இலங்கையை எதிர்த்து 35 ரன்னுக்கு நான்கு. மார்ச் 23 இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 359 அடித்தபோது, ஸ்ரீநாத்துக்குப் பத்து ஓவரில் 87 ரன், விக்கெட் இல்லை. அதுவே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். 67 டெஸ்டில் 236, ஒருநாள் ஆட்டங்கள் 229இல் 315. இந்தியாவின் வேகப்பந்து வீச்சாளர்களில் ஒருநாள் ஆட்டங்களில் முந்நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். 2006இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஆட்ட நடுவர் பொறுப்பை ஏற்றார்.

அந்த உலகக் கோப்பையில் அவரோடு புதுப்பந்தைப் பகிர்ந்துகொண்டவர் ஜாகீர் கான். உலகக் கோப்பைகளில் ஸ்ரீநாத் எடுத்திருந்த 44 விக்கெட் என்ற இந்தியக் கணக்கை 2011இல் எட்டிப் பிடித்தவரும் அவரே. அதைத் தாண்டிச் செல்ல 2023இல் முகமது ஷமி வர வேண்டியிருந்தது.