தெருவில் நின்று பெயர் சொன்ன முதியவர்: வாலஸின் துணைவர் அலியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

1907ஆம் ஆண்டில் மலுக்குத் தீவுகளுள் ஒன்றாகிய தெர்னாத்தேயில் தாமஸ் பார்பர் என்னும் இளம் அமெரிக்க விலங்கியலாளர் தம் மனைவியுடன் தெருவில் சென்றுகொண்டிருந்தார். முதுமையால் மேனி சுருங்கிய மலாய்க்காரர் ஒருவர் அவர்களை வழிமறித்தார். வெளிறிய நீலநிறத் துருக்கித் தொப்பி அணிந்திருந்த அம்முதியவர், தம் பெயர் 'அலி வாலஸ்' என்று கூறினார். தம் எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பார்பர் அக்கணமே உணர்ந்துகொண்டார். பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்திற்கு இயக்குநராக விளங்கிய அவர், 1943இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இச்சந்திப்பைப் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சி, அறிவியல் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே பெரும்பாலும் சுட்டப்பட்டு வந்துள்ளது. எனினும், நாம் வாழும் இவ்வட்டாரத்தில் தோன்றிய ஒரு மாபெரும் அறிவுத் தேட்டத்தில் உள்ளூர்க் கைகள் ஆற்றிய பங்கினை அறிய இது நல்லதொரு வாயில் எனலாம். அலி என்னும் அவ்விளைஞரின் பணியை விளக்குவதும், அதன்வழித் தமிழாய்வுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வாலஸின் எட்டாண்டுப் பயணம்

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் (1823–1913) செல்வக் குடியில் பிறந்தவர் அல்லர். பல்கலைக்கழகக் கல்வி பெற்றவரும் அல்லர். உயிரின மாதிரிகளைத் திரட்டி இலண்டனில் விற்று, அவ்வருவாயைக் கொண்டே ஆய்வு நடத்தியவர். அமேசான் காடுகளில் நான்காண்டுகள் அலைந்து சேர்த்தவற்றுள் பெரும்பகுதியை 1852இல் நடுக்கடலில் கப்பலோடு தீக்கு இரையாகக் கொடுத்தவர். இவ்விழப்பிற்குப் பின்னரும் சோர்வுறாது, 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கினார். 1862 பிப்ரவரி வரை இத்தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 14,000 மைல் தொலைவு பயணம் செய்தார். அக்காலத்தில் 1858இல் தெர்னாத்தேயிலிருந்து டார்வினுக்கு அவர் அனுப்பிய கட்டுரை, அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வினின் எழுத்துகளுடன் சேர்த்துப் படிக்கப்பெற்றது. இயற்கைத் தேர்வுக் கொள்கை உலகிற்கு அறிமுகமானது அந்நாளிலேயாகும்.

1869இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலில் வாலஸ் தம் சேகரிப்பின் கணக்கைத் தருகின்றார். மொத்தம் 125,660 மாதிரிகள். இவற்றுள் வண்டினங்கள் 83,200, பறவைகள் 8,050, பாலூட்டிகள் 310. எட்டாண்டுக் காலத்திற்குப் பகுத்துப் பார்ப்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 மாதிரிகள் ஆகின்றன. மழையும் காய்ச்சலும் கடற்பயணமும் விழுங்கிய நாள்கள் பலவாக இருந்தும் இவ்வெண்ணிக்கை எட்டப்பெற்றது. இது தனியொருவரின் இரு கைகளால் இயலக்கூடியதன்று என்பது வெளிப்படை.

சரவாக்கில் தொடங்கிய தொடர்பு

வாலஸ் 1855இல் சரவாக்கில் தங்கியிருந்தபோது அலி என்னும் மலாய் இளைஞரைப் பணிக்கு அமர்த்திக்கொண்டார். சமையல் செய்வதும் ஏவல் புரிவதும் அலியின் தொடக்க வேலைகள். இவற்றோடு வேறொரு நோக்கமும் வாலஸுக்கு இருந்ததை அவருடைய தன்வரலாறு தெரிவிக்கின்றது. நாள்தோறும் உரையாட வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்திக்கொண்டு, அதன்வழி மலாய்மொழியைக் கற்பதே அந்நோக்கம். ஆகவே, அலி ஊழியராக இருந்த அதே வேளையில் வாலஸுக்கு மொழியாசிரியராகவும் விளங்கினார். மொழி கற்பிக்கும் நம்மனோர்க்கு இச்செய்தி சுவை தருவதாகும். தீவுதோறும் படகோட்டிகளிடமும் வணிகரிடமும் ஊர்த்தலைவரிடமும் வாலஸ் பேசிய மலாய், பாடநூல் தந்ததன்று. அடுப்படியிலும் படகிலும் பழகிப் பெற்றது.

சமையலுக்கென வந்த இளைஞர் விரைவிலேயே துப்பாக்கி ஏந்திப் பறவைகளைச் சுடப் பழகினார். சுட்ட பறவையின் தோலை உரித்துப் பாடம் செய்யவும் கற்றார். படகு செலுத்துவதில் வல்லவராகவும் இடர்வந்துழிக் கலங்காதவராகவும் அவர் திகழ்ந்தார் என்று வாலஸ் பாராட்டுகின்றார். 1856இல் இருவரும் பாலியைக் கடந்து லொம்போக்கை அடைந்தனர். குறுகிய நீரிணை ஒன்றே இடைப்பட்டிருந்தும் இரு தீவுகளின் பறவைகளும் பெரிதும் வேறுபட்டிருந்தன. ஆசிய உயிரினங்களுக்கும் ஆஸ்திரேலிய உயிரினங்களுக்கும் இடைப்பட்ட எல்லையாகப் பின்னர் 'வாலஸ் கோடு' எனப் பெயர்பெற்ற கருத்தின் வித்து அங்கேதான் விழுந்தது.

பாடம் செய்தல் என்னும் நுண்கலை

அலியின் பணி எத்தகையது என்பதை உணரப் பாடம் செய்தலின் இயல்பைச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும். வெப்பமண்டலத்தில் இறந்த பறவையின் உடல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். அதற்குள் வயிற்றுப்புறத்தைக் கீறி, இறகு ஒன்றும் உதிராமல் தோலை உரித்தெடுக்க வேண்டும். சிறகெலும்பையும் காலெலும்பையும் தோலோடு விட்டுவைத்து, தசையையும் மூளையையும் நீக்க வேண்டும். பின்னர், தோலின் உட்புறத்தில் ஆர்செனிக் நஞ்சு கலந்த சவர்க்காரத்தைப் பூசி, பஞ்சு அடைத்து, உருவம் குலையாமல் உலர்த்த வேண்டும். உலரும்வரை எறும்புகளிடமிருந்தும் நாய்களிடமிருந்தும் காத்தல் வேண்டும். கை தவறினால் காடெல்லாம் அலைந்து பெற்ற பயன் பாழாகும்.

இக்கலையில் அலி எய்திய தேர்ச்சிக்கு அரு தீவுகளில் 1857இல் நிகழ்ந்தது ஒன்று சான்றாகும். சொர்க்கப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பாடம் செய்து வருமாறு வாலஸ் அவரைத் தனியே ஓர் உள்ளூருக்கு அனுப்பினார். இரு வாரங்களுக்குப் பின் அலி பதினாறு சிறந்த மாதிரிகளுடன் திரும்பினார். குளிர்காய்ச்சலால் கடுமையாகத் துன்புற்ற நிலையில் அவர் ஈட்டியவை இவை. நோய் வாராதிருந்தால் இருமடங்கு கிடைத்திருக்கும் என்று வாலஸ் எழுதுகின்றார். புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கு வேலை கற்பிக்கும் பொறுப்பும் காலப்போக்கில் அலியிடமே வந்து சேர்ந்தது. கற்றவர் கற்பிப்பவராக உயர்ந்த நிலை இது.

பாச்சான் தீவின் கொடிச்சிறகுப் பறவை

1858 அக்டோபரில் பாச்சான் தீவில் நிகழ்ந்தது அலியின் பணியில் தலையாயது. வேட்டையிலிருந்து திரும்பிய அவரை வீட்டருகே வாலஸ் எதிர்ப்பட்டார். அலியின் இடைக்கச்சில் பறவைகள் சில தொங்கின. முகத்தில் மகிழ்ச்சி பொங்க அவற்றுள் ஒன்றை எடுத்து நீட்டி, இவ்விந்தைப் பறவையைப் பாருங்கள் என்றார் அலி. மார்பில் ஒளிரும் பச்சைக் கவசம். இரு தோள்களிலிருந்தும் இரண்டிரண்டாக நீண்டு நிற்கும் வெண்ணிற இறகுகள். அதுகாறும் அறிவுலகம் கண்டிராத சொர்க்கப் பறவை அது என்பதை வாலஸ் பின்னர்த் தெளிந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ராபர்ட் கிரே 1859இல் அதற்கு 'செமியோப்டெரா வாலசி' என்று பெயரிட்டார். முற்பகுதி கொடி போன்ற சிறகைக் குறிப்பது. பிற்பகுதி வாலஸைக் குறிப்பது.

இங்கே நாம் நிதானித்து நோக்குதல் நலம். விந்தையான பறவை என்பதை முதலில் கண்டு தேர்ந்த கண்கள் அலியின் கண்கள். பல்லாயிரம் பறவைகளைக் கையாண்ட பழக்கமின்றி, இது முன்பு காணாதது என்னும் தெளிவு ஒருவருக்குத் தோன்றாது. அம்மகிழ்ச்சியைக் கூலிக்கு வேலை செய்த ஒருவரின் மகிழ்ச்சியாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. கண்டறிந்தவரின் மகிழ்ச்சி அது.

ஒரு நிழற்படம்

தெர்னாத்தேயில் தங்கியிருந்த காலத்தில் அலி மணம் புரிந்துகொண்டார். ஆயினும், பயணங்களைக் கைவிடவில்லை. 1862இல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தனர். பணத்தோடு தம் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டையும், எஞ்சிய மருந்து, கருவி முதலியவற்றையும் வாலஸ் அவருக்கு வழங்கினார். முதன்முறையாக ஐரோப்பிய உடை அணிந்த அலியை நண்பர் ஒருவர் நிழற்படம் எடுத்தார். அவ்வுடையைக் காட்டிலும் மரபுடையே அலிக்கு அழகு என்பது வாலஸின் கருத்து. அப்படத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வைத்திருந்து, 1905இல் வெளியிட்ட தம் தன்வரலாற்று நூலில் அவர் சேர்த்தார். தம் பயணங்கள் பெரும்பாலானவற்றிலும் உடன்வந்த உண்மைத் துணைவர் என்று அலியை வாசகர்க்கு அறிமுகப்படுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆய்வாளர்க்கு உதவிய எண்ணற்ற உள்ளூரார் முகமற்றுப் போயினர். அலியின் முகம் நமக்குக் கிடைத்திருப்பது அரிய பேறே.

அந்நூல் வெளிவந்த ஈராண்டிற்குள் தெர்னாத்தே சந்திப்பு நிகழ்ந்தது. பிரிந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பார்பர் அம்முதியவரை நிழற்படம் எடுத்து, ஊர் திரும்பியபின் வாலஸுக்கு அனுப்பினார். எண்பது அகவை கடந்திருந்த வாலஸ், கடும் மலேரியாவிலிருந்து தம்மை அலி பேணிக் காத்ததை நினைவுகூர்ந்து மறுமொழி எழுதினார். அம்மடலைத் தாம் தொலைத்துவிட்டதாகப் பார்பர் வருந்துகின்றார். ஒரு வாழ்வின் சான்று எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நமக்குரிய பாடம்

வாலஸ் அலியை மறைத்தார் என்று கூறுதல் நேர்மையாகாது. தம் நூல்களில் அலியைப் பெயர் சுட்டி, பாச்சான் பறவையைக் கொணர்ந்தவர் அவரே என்றும் எழுதினார். எனினும், பறவைக்கு வாய்த்தது வாலஸின் பெயர். அலியின் தந்தை பெயரோ குடிப்பெயரோ அவர் நூல்களில் இடம்பெறவில்லை. 2015இல் ஜான் வான் வைஹ், ஜெரல் டிராஹார்ன் ஆகிய இருவரும் அரச ஆசியக் கழக மலேசியக் கிளையின் ஆய்விதழில் அலியைப் பற்றித் தனிக்கட்டுரை வரைந்தபின்னரே அவரை மையப்படுத்திய ஆய்வு பரவலான கவனம் பெற்றது.

இவ்விடத்தில் எம் அனுபவம் ஒன்றை மறைக்காது கூறவேண்டியுள்ளது. முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டுத் தோட்டப்புறங்களில் நாட்டார் பாடல்களைத் திரட்டியபோது, மூதாட்டி ஒருவர் எம்மை வீடுவீடாக அழைத்துச் சென்றார். யார் எப்பாடலை அறிவார், எந்நேரத்தில் பாடுவார், எந்த வரியைப் பிறர்முன் பாடத் தயங்குவார் என்பன எல்லாம் அவர் தெரிவித்தவையே. வெளிநாட்டில் அமர்ந்து ஆய்வேட்டை எழுதி முடித்தபோது அவர் 'தகவலாளி 14' ஆனார். பெயர் வெளியிடலாமா என்று அவரைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணமே அன்று எமக்குத் தோன்றவில்லை. கேட்க விழைந்த காலத்தில் அவர் உயிருடன் இல்லை. அலியின் கதையைப் படிக்குந்தோறும் அவ்வெண் எம் கண்முன் நிற்கின்றது.

தகவலாளரின் பெயரை மறைத்தல் சில வேளைகளில் அவர்தம் நலங்கருதித் தேவையாகலாம். ஆயின், அதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. நம் மாணவர்கள் களப்பணிக்குச் செல்லுமுன் இவ்வினாவைக் கேட்கப் பயிற்றுதல் ஆசிரியர் கடமையாகும். வழிகாட்டியவர், மொழிபெயர்த்தவர், சுவடியை எடுத்துக்கொடுத்தவர் என ஒவ்வொருவரும் நன்றியுரையின் இறுதி வரியில் 'மற்றும் பலர்' என்று அடங்கிவிடாமல் காத்தல் வேண்டும்.

முடிவுரை

சரவாக்கில் சமையலுக்கென வந்த இளைஞர் ஒருவர் மொழியாசிரியராகவும் வேட்டையாளராகவும் பாடம் செய்வதில் வல்லுநராகவும் வளர்ந்து, உலக அறிவியலுக்கு ஒரு புதிய பறவையைக் கையில் ஏந்திக் கொணர்ந்தமையை மேலே கண்டோம். அறிவியல் மரபில் ஓர் உயிரினத்திற்குப் பெயரிடும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை. எனினும், தெர்னாத்தேத் தெருவில் அயலார் முன் நின்று அவர் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். தம் பெயரை முன்னும் வாலஸின் பெயரைப் பின்னும் வைத்து அவர் அமைத்துக்கொண்ட அவ்விரு சொற்களில், எட்டாண்டுப் பணியில் தமக்கும் பங்குண்டு என்னும் உரிமைக்குரல் ஒலிக்கின்றது என்றே நாம் கருதுகின்றோம்.