எயார் பிரையரும் ஓயில் பேப்பரும்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் சகோதரங்களும் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பொருட்களில் எயார் பிரையரும் ஒன்றாகிவிட்டது. மீள்குடியேறிய கிராமங்களிலும் சில வீடுகளில் அது இருக்கின்றது. இது எமக்கு அவசியமா என்பது வேறு கேள்வி. வந்துவிட்ட பொருளை ஆபத்தின்றிப் பாவிப்பது எப்படி என்பதையே இங்கு நோக்குவோம். பல இடம்பெயர்வுகளின் பின் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பிய வீடு ஒரு தாள் துண்டினால் எரிந்துவிடக் கூடாது.

பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஐரோப்பாவில் இக்கருவியை அறிமுகப்படுத்தியது. பெயரிலே பொரியல் இருந்தாலும் உண்மையில் இது ஒரு சிறிய போறணையே. மேற்பகுதியில் சூடாகும் கம்பிச்சுருளும் அதனோடு ஒரு விசிறியும் உள்ளன. விசிறி சுழற்றும் சூடான காற்று, கூடையின் துளைகளினூடாகச் சென்று உணவை மொறுமொறுப்பாக்குகின்றது. பெரும்பாலான கருவிகளில் வெப்பத்தை 200 பாகை செல்சியஸ் வரை கூட்டலாம்.

கூடை கழுவும் வேலையைக் குறைக்கவே பலர் தாள் விரிக்கின்றனர். ஆபத்து அந்த விசிறியில்தான் இருக்கின்றது. பாரமில்லாத தாள் காற்றில் எழும்பி, செந்தணலாகச் சுடும் கம்பிச்சுருளில் ஒட்டிக்கொண்டால் தீப்பற்றும். ஆகவே வெறுங்கருவியை முதலில் சூடாக்கும்போது உள்ளே தாள் இருக்கவே கூடாது. உணவை வைக்கும் வேளையில்தான் தாளையும் வைக்க வேண்டும். கூடையின் அடியைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி, ஓரங்கள் எழும்பாதவாறு உணவால் அமர்த்துங்கள். தாளில் சில துளைகள் இட்டால் காற்றோட்டம் தடைப்படாது. இரண்டு கட்லட்டுக்காகக் கூடை நிறையத் தாள் விரிப்பது சரியல்ல.

எந்தத் தாள் என்பதும் முக்கியம். கடையில் ஓயில் பேப்பர் என்று கேட்டால் பலவிதமான தாள்களைத் தருவார்கள். போறணைக்கு உகந்தது என்றும், தாங்கும் வெப்பம் இவ்வளவு என்றும் உறையில் அச்சிடப்பட்ட பேக்கிங் தாளையே வாங்குங்கள். பொதுவாக அது 220 பாகை வரை தாங்கும். மெழுகு பூசிய தாள் உதவாது. நகத்தால் சுரண்டும்போது வெள்ளையாக உதிர்ந்தால் அது மெழுகுதான். சூட்டில் உருகிப் புகையும். வடை சுற்றித்தரும் பத்திரிகைத்தாள், கொப்பித்தாள், லஞ்ச் சீற் எதுவும் இதற்குள் போகக் கூடாது. புளியோ தேசிக்காயோ சேர்த்த மீனுக்கு அலுமினியத் தாளும் நல்லதல்ல. புளிப்பு அதை அரித்து உணவிலே கலக்கச் செய்யும்.

என்னைக் கேட்டால், மரவள்ளிக்கும் கத்தரிக்காய்க்கும் தாளே வேண்டாம். மசாலை பூசிய மீன் போன்று ஒட்டிக்கொள்ளும் பண்டங்களுக்கு மட்டும் போதும். அதற்கும் காசு கொடுக்க வேண்டுமல்லவா!

தாளைவிட மோசமானது பிளக் பொயின்ற். 1500 வாற் கருவி 230 வோல்ற்றில் ஏறத்தாழ ஆறரை அம்பியர் மின்னை இழுக்கும். எமது வீடுகளில் மின்குமிழுக்கும் வானொலிக்கும் பாவிக்கும் சிறிய வட்டத்துளைப் பொயின்ற் 5 அம்பியருக்கு உரியது. அதில் இதைப் பொருத்தினால் வயர் சூடேறி உருகலாம். 13 அல்லது 15 அம்பியர் பொயின்ற்றே வேண்டும். நீட்டு வயரும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகும் அடப்டரும் கூடாது. கிடுகு வேய்ந்த குசினியானால் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் நன்கு விலக்கி வையுங்கள். பின்புறமாகச் சூடான காற்று வெளியேறும்.

உள்ளே தாள் எரிவதாகத் தெரிந்தால் உடனே சுவர் ஆளியை அணைத்து, எட்டுமானால் பிளக்கையும் கழற்றுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கூடையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். புதுக்காற்றுப் புகுந்தால் நெருப்பு வலுக்கும். மூடியபடியே விட்டால் காற்றின்றித் தானாக அணையும். நன்றாக ஆறிய பின்பே திறக்க வேண்டும்.