கேண்டனீஸ் கற்க இரண்டு ஆசான்கள்

குனோங் ராபாட்டில் இருந்துகொண்டு இணையம் வழி கேண்டனீஸ் கற்று வருகிறேன். பாடங்களில் பெரும்பாலானவை ஹாங்காங் வழக்கு. சந்தைக்கு அங்கே 'காய் சீ'. ஈப்போவில் மலாய் 'பாசார்' திரிந்து 'பா சாட்'.

தொனிகள் ஆறு. 'சீ' என்ற ஒரே ஒலி, தொனி மாறினால் கவிதை, நேரம், நகரம் எனப் பொருள் மாறும். இதற்கு இணையப் பாடமே உதவுகிறது. 1993இல் ஹாங்காங்கில் உருவான 'ஜுட்பிங்' எழுத்துமுறை, தொனிக்கு ஓர் எண் தருகிறது. எண்ணைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. 'நான்' என்பதற்கு 'ஙோ' என்பார்கள். அந்த 'ங' நம் அரிச்சுவடியிலேயே இருக்கிறது.

சொற்களை மட்டும் பாசார் கடைக்காரப் பாட்டிகளிடம் கேளுங்கள். சீன இளையோர் பலர் மாண்டரினுக்கு மாறி வருகிறார்கள். ஈப்போ வழக்கைப் பேசுவோர் நம் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள்வோம்.