விசில் யார் கையில்?

டாலிகஞ்சிலிருந்து ரவீந்திர சரோவர் பக்கம் காலையில் நடக்கப் போகும் நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். கல்லூரிப் பெண்கள் வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள். நான் பார்த்தவரை விசில் மட்டும் ஆண் கையில்தான் இருக்கிறது. விளையாட வந்துவிட்ட பெண்கள் சொல்லிக்கொடுக்க ஏன் வரவில்லை?

அமெரிக்கக் கதை விநோதமானது. கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பேதம் கூடாது என்று 1972-இல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். 2014-இல் சுமார் 43 பேர்தான்! முன்பெல்லாம் உடற்கல்வி டீச்சர் சொற்பப் பணத்துக்கு அணியையும் பார்த்துக்கொண்டார். சட்டத்தால் பெண்கள் அணிக்குப் பணம் வந்தது, சம்பளம் ஏறியது, ஆண்கள் வந்தார்கள். தனியாக இயங்கிய பெண்கள் விளையாட்டுத் துறைகளும் ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டு, ஆளை நியமிக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஆண்களிடம் போயிற்று. வீட்டுச் சமையல் மாமிக்கு, கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் மாமாவுக்கு என்பது போலத்தான்.

நம் நாட்டில் துரோணாச்சாரியார் விருது 1985-இல் தொடங்கியது. தடகளப் பயிற்சியாளர் ரேணு கோஹ்லி மூலம் அது முதன்முதலாக ஒரு பெண்ணை எட்டியது 2002-இல். புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனையைக் காட்டிப் பறிக்கப்பட்டது. செங்கல் சூளை வேலைவரை போனவர், பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமா முடித்தார். தமிழக அரசில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது 2016-இல்தான். பதக்கம் வாங்கியவர் கதையே இப்படி!

எங்கள் அடுத்த ஃப்ளாட் பெண் கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறாள். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்தால் போதும் சார்" என்கிறார் அப்பா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். விடிகாலையும் சாயங்காலமும் மைதானம், அடிக்கடி வெளியூர், பல இடங்களில் ஒப்பந்தச் சம்பளம். கைக்குழந்தையோடு யாரால் முடியும்?

ஆனால் அதே அப்பா, வெளியூர் மேட்ச் என்றால் "கூட லேடி யாராவது போகிறார்களா?" என்று முதலில் கேட்கிறார். மாதவிலக்கு நாளில் வயிற்றுவலி என்று ஆண் கோச்சிடம் சொல்லக் கூசி, சும்மா ஓடும் பெண்கள் எத்தனை பேர்! திறமையைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்: மதுரை சேது எஃப்.சி. 2019-இல் தேசியப் பெண்கள் கால்பந்து லீக்கை வென்றபோது பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண்தான்.

பயிற்சியாளர் டிப்ளமா என்றால் பாட்டியாலா போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சில விளையாட்டுகளுக்கு நம் சால்ட் லேக் 'சாய்' மையத்திலேயே நடத்துகிறார்கள். அடுத்த ஃப்ளாட் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், விசாரிக்கிறேன் என்றிருக்கிறார்.