மரை போனால் இஞ்சின் போய்விடுமா?

வியாபாரிக்குக் கடை ஒரு கண் என்றால், சரக்கு ஏற்றும் வண்டி மற்றொரு கண். விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை சாலையிலுள்ள நம் மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் கொள்முதல் நிற்கும், வாடிக்கையும் கைமாறும்.

இஞ்சின் வேலை முடிந்து பூட்டும் நேரத்தில், "போல்ட் இறுகவில்லை, மரை போய்விட்டது, ஹெட்டையே மாற்ற வேண்டும்" என்று பட்டறையிலிருந்து செய்தி வருவதுண்டு. உடனே பணத்தை எண்ணி வைக்க வேண்டாம். விரிசல் இல்லையென்றால், பெரும்பாலும் அந்த மரையை மீட்டுவிடலாம்.

மரை ஏன் போகிறது?

அலுமினியம் மெதுவான உலோகம், போல்ட்டோ எஃகு. அளவு மீறி முறுக்கினாலும், அழுக்கோடு பூட்டினாலும், சூடான ஹெட்டில் பிளக்கைக் கழற்றினாலும் அலுமினிய மரைதான் உரியும்.

இன்னொரு காரணம் நம் கடைக் கல்லாவிலேயே இருக்கிறது. 8 மி.மீ. போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பின்னதன் கனம் 7.94 மி.மீ. ஆனால் சாதாரண 8 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ.; 5/16 அங்குல நைஸ் மரையில் அது சுமார் 1.06 மி.மீ. மாற்றிக் கொடுத்தால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை காலி.

அம்பாசடரையே பாருங்கள். மோரிஸ் வழி வந்த பழைய இஞ்சினில் அங்குல மரை. 1990-களில் வந்த இசுசு இஞ்சினில் மி.மீ. மரை. 2014-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டாலும், பழைய வண்டிக்குப் போல்ட் கேட்டு வருபவரிடம் "எந்த இஞ்சின்?" என்று கேட்காமல் கொடுக்கலாகாது.

மீட்கும் முறை

இதற்கென எஃகுக் கம்பிச்சுருள் உண்டு. ஹெலிகாயில் என்று கேட்டு வாங்குவார்கள். 8 மி.மீ. மரை என்றால் துளையை 8.3 மி.மீ. டிரில்லால் நேராகப் பெருக்கி, அதற்குரிய தனி டாப்பால் மரை அடிக்க வேண்டும். சாதாரண டாப் உதவாது. டாப்பில் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். துளையைக் காற்றால் ஊதி, சுருளை மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று உள்ளே இறங்கும்படி திருகி, அடியிலுள்ள நாக்கை ஒடித்து எடுத்துவிட வேண்டும். பழைய அளவு போல்ட்டே பொருந்தும். எஃகு மரையாதலால் அலுமினிய மரையைவிட நன்றாகத் தாங்கும்.

சுருள் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் புஷ் கடைந்து போடலாம். பசை தடவுவதும், நூல் சுற்றிப் பூட்டுவதும் இஞ்சின் வேலைக்கு ஆகாது. அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும் அழுத்தத்தில் பிளாக்கே வெடிக்கக்கூடும். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் அவசியம்.

நம் கடமை

ஹார்டுவேர், உதிரிபாகக் கடை நடத்தும் அன்பர்கள் மரை கேஜ் ஒன்றைக் கல்லாவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்குலப் பெட்டியையும் மி.மீ. பெட்டியையும் தனித்தனியே பிரித்து, பெயர் ஒட்ட வேண்டும். பழைய போல்ட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுக் கொடுக்க வேண்டும். சில ரூபாய் போல்ட்டில் காட்டும் கவனம், பல ஆயிரம் ரூபாய் ஹெட்டைக் காக்கும். நம் கடையின் பெயரையும் காக்கும்.