ஏறினவரும் ஏற்றிவிட்டவரும்

விளையாட்டு வீரன் ஒருவன் கீர்த்தியின் சிகரத்தை எட்டி, பல்லாயிரம் ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரிக்கும் அரங்கின் நடுவே நிற்கும்பொழுது, அவனுடைய சாமர்த்தியத்தையும் விடாமுயற்சியையும் நாம் வாயாரப் புகழ்வது இயல்பே. ஆனால் அந்தச் சாமர்த்தியம் எங்கே, யாரோடு மோதி, யாருடைய உழைப்பின்மேல் வளர்ந்தது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய விளையாட்டென்று கருதப்படும் பேஸ்பாலில் இந்த விசாரணைக்குத் தெளிவான விடை கிடைக்கிறது. மேஜர் லீக் என்னும் உயர்ந்த ஸ்தானத்தை அடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு முன்னால் மைனர் லீக் என்னும் கீழ்ப்படிகளில் ஆண்டுக்கணக்காக ஆடித் தேர்ந்தவர்கள். அங்கே அவர்களோடும் அவர்களுக்கு எதிராகவும் ஆடிய மற்றவர்களோ, பெயர் வெளியே தெரியாமலே வீடு திரும்பியவர்கள்.

மேஜர் லீக்கில் இன்று 30 அணிகள் உள்ளன. பருவத்தின் பெரும்பகுதியில் ஓர் அணிக்கு 26 வீரர்கள் வீதம், 780 பேருக்குத்தான் அங்கே இடம். ஒவ்வோர் அணிக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறுவரிசையில் நான்கு அணிகள் வீதம், 2021ஆம் ஆண்டின் சீரமைப்புக்குப் பின் மொத்தம் 120 மைனர் லீக் அணிகள் இயங்குகின்றன. அவற்றுக்கும் கீழே, ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் டொமினிக்கன் குடியரசிலும், பதினாறு பதினேழு வயதில் ஒப்பந்தமான பிள்ளைகள் முதலாய் ஆரம்பப் பயிற்சி பெறும் களங்கள் உண்டு. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடும் அமெரிக்க இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என்ற ஏற்பாடு 1965இல் தொடங்கியது. அதில் தேர்வு பெறுவதையே பெரும் பாக்கியமாகக் கருதி ஊரார் கொண்டாடுகிறார்கள். எனினும், தேர்வு பெற்றவரிலும் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தை வீரராக ஒருநாளும் மிதிப்பதில்லை.

மற்ற விளையாட்டுகளில் கல்லூரியிலிருந்து நேரே உச்ச அரங்குக்குத் தாவுகிறவர்கள் பலர் இருக்க, பேஸ்பாலில் மட்டும் இத்தனை காலம் காத்திருப்பது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். பந்தை எறியும் பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் புறப்படும் பந்து அதைக் கடக்க அரை விநாடிகூட ஆவதில்லை. கிரிக்கெட்டில்போல் அது தரையில் பட்டு எழும்புவதுமில்லை. காற்றிலேயே வளைந்தும், கடைசிக் கணத்தில் தாழ்ந்தும், விலகியும் வருகிறது. இந்த ஜாலத்தைக் கண்ணும் கையும் தாமாகவே உணர்ந்துகொள்ள ஆயிரக்கணக்கான பந்துகளை எதிர்கொண்டாக வேண்டும். பத்து முறை நின்று மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவனே சிறந்த ஆட்டக்காரன் என்று மதிக்கப்படுகிறான். கூடைப்பந்தாட்டத்தில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதிருந்த மைக்கேல் ஜோர்டன், 1994இல் பர்மிங்ஹாம் நகரத்தின் டபுள் ஏ அணியில் சேர்ந்து சிரத்தையோடு உழைத்தும், பத்துக்கு இரண்டு என்ற விகிதத்துக்குமேல் அதிகம் உயர முடியவில்லை. இந்தக் கலைக்குக் குறுக்கு வழி கிடையாது என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

மைனர் லீக் அணிகள் ஆதியில் சுதந்திரமானவை. சிற்றூர்களின் செல்வர்கள் அவற்றை நடத்தினார்கள். நல்ல வீரன் ஒருவன் தோன்றினால், அவனைப் பெரிய நகரத்து அணிக்கு விலைக்கு விற்றார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்துவந்த பிராஞ்ச் ரிக்கி என்பவர், பணம் படைத்த அணிகளோடு போட்டியிட்டு வீரர்களை விலைக்கு வாங்கத் தம்மால் இயலாது என்று கண்டு, 1920களில் கீழ்நிலை அணிகளையே வாங்கி, தமக்கு வேண்டிய வீரர்களைத் தாமே வளர்க்கலானார். ஒரு நாற்றங்காலில் அடர்த்தியாக விதைத்து, தேர்ந்த நாற்றை மட்டும் பறித்து வயலில் நடுவதைப் போன்ற இந்த முறை பலன் தரவே, மற்ற அணிகளும் அதைப் பின்பற்றின. 1949ஆம் ஆண்டில் 59 மைனர் லீக்குகள் நடைபெற்றன. ஏறத்தாழ 4 கோடி டிக்கெட்டுகள் விற்றன. தொலைக்காட்சி வந்து பெரிய நகரத்து ஆட்டங்களை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்ட பிறகு அந்தச் செழுமை குன்றியது. ரிக்கி வகுத்த படிமுறை மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் படிகளில் நடக்கும் வாழ்க்கையை ஒரே ஓர் ஆட்டத்தைக் கொண்டு விளக்கிவிடலாம். 1981 ஏப்ரல் 18ஆம் தேதி, ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை இரவு, ரோட் ஐலண்ட் மாகாணத்துப் பாடக்கெட் நகரத்தின் மக்காய் அரங்கில், பாடக்கெட் அணிக்கும் ரோச்செஸ்டர் அணிக்கும் இடையே ஒரு டிரிபிள் ஏ ஆட்டம் ஆரம்பமாயிற்று. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 1–1 என்று சமநிலையில் நின்றது. பேஸ்பாலில் சமநிலையை ஏற்கும் வழக்கமில்லாமையால் மேலும் மேலும் நீண்டது. 21ஆவது இன்னிங்ஸில் ரோச்செஸ்டர் ஒரு ரன் எடுத்து முந்தியது. பாடக்கெட் அணியின் வேட் பாக்ஸ் ஓங்கியடித்த அடியால் கணக்கு மறுபடியும் சமமாயிற்று. எலும்பைத் துளைக்கும் குளிர்காற்றில், வீரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் இட்டுக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குமேல் புதிய இன்னிங்ஸைத் தொடங்கலாகாது என்ற விதி நடுவர்களின் கையிலிருந்த பிரதியில் விடுபட்டிருந்தது. லீக்கின் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து அநுமதி பெற்று, 32 இன்னிங்ஸ் முடிந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்திவைத்தபோது, அதிகாலை மணி 4.07. மாலையில் வந்திருந்த 1,740 பேரில் அப்போது எஞ்சியிருந்தவர்கள் 19 பேர். ஜூன் 23ஆம் தேதி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 33ஆவது இன்னிங்ஸில் பாடக்கெட் அணியின் டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பாரெட் ஓடி வந்து வெற்றி ரன்னைச் சேர்த்தார். தொடர்ந்த ஆட்டம் முடிய 18 நிமிஷமே ஆயிற்று. தொழில்முறைப் பேஸ்பால் வரலாற்றில் இதைவிட நீண்ட ஆட்டம் இல்லை.

அன்றிரவு பாடக்கெட் அணியில் மூன்றாம் தளத்தைக் காத்த வேட் பாக்ஸ், மறு ஆண்டே மேஜர் லீக்கில் நுழைந்து, 3,010 முறை வெற்றிகரமாக அடித்தவர். ரோச்செஸ்டர் அணியில் அதே இடத்தில் நின்ற இருபது வயது இளைஞர் கால் ரிப்கன், பிற்காலத்தில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தவர். இருவரும் பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். ஆனால், பெயர்போன அந்த ஆட்டத்தை முடித்துவைத்த வெற்றி அடியை அடித்த டேவ் கோசாவோ, மேஜர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடினாரல்லர். ஒரே குளிரில், ஒரே விளக்கொளியில், ஒரே பந்துக்காக உழைத்தவர்களிடையே விதி இவ்வளவு பெரிய பேதத்தை ஏற்படுத்தியது. கோசாவைப் போன்றவர்கள் அந்தப் பின்னிரவிலும் களைக்காமல் நின்று ஆடியிராவிட்டால், பாக்ஸுக்கும் ரிப்கனுக்கும் அந்தப் பரீட்சையே வாய்த்திராது.

கீழ்ப்படியில் நிகழ்ந்த ஒரு மாறுதல் ஒரு தேசத்தின் மனச்சாட்சியையே உலுக்கியதும் உண்டு. கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கின் கதவுகள் அறுபது ஆண்டுகளாக அடைபட்டிருந்த காலத்தில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்திருந்த அதே பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சன் என்ற இளைஞரைத் தேர்ந்து, முதலில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மைனர் லீக் அணிக்கு அனுப்பினார். 1946இன் வசந்தத்தில் ஃபுளோரிடாவில் பயிற்சி ஆட்டங்கள் நடந்தபோது, ஜாக்சன்வில் முதலிய ஊர்கள் அவரை ஆடவிட மறுத்து ஆட்டங்களையே ரத்துச் செய்தன. ஆனால் ஏப்ரல் 18ஆம் தேதி ஜெர்ஸி சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்தில் ராபின்சன் ஐந்து முறை நின்று நான்கு முறை வெற்றிகரமாக அடித்தார். அவற்றில் ஒன்று, பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து மூன்று ரன்களைக் கொணர்ந்த ஹோம் ரன். அதை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவந்த அவருக்கு, வெள்ளைக்காரத் தோழர் ஜார்ஜ் ஷூபா எல்லாரும் காணக் கை கொடுத்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கினார். 1946இல் அவருக்குக் கதவடைத்த அதே ஜாக்சன்வில் நகரத்தின் அணியில், 1953இல் ஹாங்க் ஆரன் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞர் ஆடி, அந்த லீக்கின் தலைசிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். அப்பொழுதும் வெள்ளையரான சக வீரர்கள் தங்கும் விடுதிகளில் அவருக்கு இடமில்லை. இந்த அவமதிப்புகளையெல்லாம் பொறுத்துக் கடந்த அவரே பிற்காலத்தில் 755 ஹோம் ரன்கள் அடித்து உலகப் பிரசித்தி பெற்றார்.

அதிருஷ்டமும் பொறுமையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து மேலேறியவர்கள் இன்னும் பலர். மைக் பியாட்சா என்பவரை 1988ஆம் ஆண்டு டிராஃப்டின் 62ஆம் சுற்றில், 1,390ஆவது ஆளாக டாட்ஜர்ஸ் எடுத்தது. அவருடைய தந்தைக்கும் அணியின் மேலாளர் டாமி லசோர்டாவுக்கும் இருந்த சிநேகமே அதற்குக் காரணம். தாட்சண்யத்தால் கிடைத்த இடத்தைத் தம் உழைப்பால் தகுதியாக்க விரும்பிய பியாட்சா, பந்தைப் பிடிக்கும் கேட்சரின் வித்தையைப் புதிதாகக் கற்று, டொமினிக்கன் குடியரசில் இருந்த பயிற்சிக் களத்துக்கும் போய்ப் பாடுபட்டு, 2016இல் புகழ்க்கூடத்தை அடைந்தார். 1995இல் தேர்வான ஜான் லிண்ட்ஸியோ பதினாறு பருவங்கள் மைனர் லீக்கில் ஆடி, 33ஆம் வயதில், 2010 செப்டம்பரில்தான் மேலே அழைக்கப்பட்டார். 11 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி அடியோடு அவருடைய மேஜர் லீக் கணக்கு முடிந்தது. டெக்ஸாஸில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜிம் மோரிஸ், நீங்கள் வென்றால் நானும் ஒருமுறை முயன்று பார்க்கிறேன் என்று தம் மாணவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் புறப்பட்டு, மைனர் லீக்கை மூன்றே மாதங்களில் கடந்து, 1999 செப்டம்பர் 18 அன்று, 35ஆம் வயதில், மேஜர் லீக்கில் தாம் சந்தித்த முதல் ஆட்டக்காரரையே அவுட்டாக்கினார்.

இந்தப் படிகளில் நம் தேசத்தின் காலடியும் பதிந்திருக்கிறது. 2008இல் இந்தியாவில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வாயிலாகக் கண்டெடுக்கப்பட்ட உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் ஒப்பந்தமாகி, மறு ஆண்டு ஃபுளோரிடாவில் ஆடினார்கள். இந்த ரிங்கு சிங் இன்றைய கிரிக்கெட் வீரரல்லர். பின்னாளில் மல்யுத்த அரங்குக்குச் சென்றவர். இவர்களுடைய சரித்திரத்தை வைத்து 2014இல் எடுத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ திரைப்படத்துக்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான். இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. ஆயினும், அதற்குமுன் பேஸ்பால் மட்டையையே தொட்டறியாதவர்கள் ஒரே ஆண்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களாய் நின்றதை அற்பமென்று எவரும் சொல்ல முடியாது.

இத்தனை பேருடைய உழைப்பை உண்டு வளர்ந்த அமைப்பு அவர்களுக்கு அளித்த ஊதியமோ, நெடுங்காலம் வெட்கத்துக்குரியதாகவே இருந்தது. இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம் செய்து, விடிந்ததும் அடுத்த ஊரில் இறங்கி, மாலையில் மறுபடியும் களம் காணும் இந்த இளைஞர்களுக்குப் பருவ மாதங்களில் மட்டுமே சம்பளம் கிடைத்தது. வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் இருக்கவில்லை. 2022இல்கூட டிரிபிள் ஏ வீரருக்கே குறைந்தபட்சம் ஆண்டுக்கு 17,500 டாலர்தான் கிடைத்தது. கடைநிலைப் பயிற்சிக் களத்தில் இருந்தவருக்கு 4,800 டாலர். சில வீரர்கள் துணிந்து தொடுத்த வழக்கு 2022இல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு மைனர் லீக் வீரர்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் மேஜர் லீக் வீரர்களின் சங்கத்திலேயே சேர்ந்தார்கள். 2023 வசந்தத்தில் ஏற்பட்ட முதல் ஒப்பந்தம் டிரிபிள் ஏ சம்பளத்தை 35,800 டாலராகவும், கடைநிலைச் சம்பளத்தை 19,800 டாலராகவும் உயர்த்தியது. அதே ஆண்டில் மேஜர் லீக் வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர் என்பதையும் சேர்த்து நினைத்தால், ஒரே ஒரு படிக்கு இடையில் எத்தனை பெரிய பள்ளம் இன்னும் இருக்கிறதென்று விளங்கும்.

அணிகள் இந்தச் சம்பளத்தைத் தாமே மனமிரங்கிக் கூட்டவில்லை. கீழே இருந்தவர்கள் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்றார்கள், மேலே ஏறினவர்கள் தம் சங்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்துத் துணைநின்றார்கள். பேஸ்பாலின் நெடிய வரலாற்றில் நான் மிகவும் போற்றுவது இந்தச் செயலையே. நல்ல பிட்சர் எதிரே நின்று எறியாமல் நல்ல ஆட்டக்காரன் உண்டாவதில்லை. மேலே போனவனுடைய ஒவ்வோர் அடியிலும், போகாதவர்கள் எறிந்த பந்துகளின் பாடம் இருக்கிறது. ஆகையால் கீழ்ப்படியில் ஆடுகிறவனுக்கு வயிறார உணவும் படுக்க இடமும் கௌரவமான கூலியும் கொடுப்பதைத் தருமம் என்று சொல்லக் கூடாது. அது கடனைத் திருப்பிக் கொடுப்பதே. சிகரத்தை எட்டிய சிலரைக் கொண்டாடும் எந்தச் சமூகமும், எந்தக் கலையும், எந்தத் தொழிலும், அவர்களோடு உழைத்து அவர்களைக் கூர்மையாக்கிய பலருக்கு என்ன கொடுக்கிறது என்பதைக் கொண்டே தன் நியாயத்தை நிரூபித்தாக வேண்டும்.