தண்ணீர் கேட்காத வேலிச் செடி: விராலி

பெங்களூரில் புதிதாக வீடு கட்டுவோர் முதலில் செய்வது, மனையில் மண்டியுள்ள புதரை வெட்டி எறிவதுதான். அதில் விராலியும் போய்விடுகிறது. பிறகு நர்சரியில் காசு கொடுத்து வேறு வேலிச் செடி வாங்குகிறார்கள். அதற்கு நாள்தோறும் நீர் வேண்டும்!

2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீருக்குத் தவித்தபோது, தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சினால் ரூ.5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. விராலி வைத்திருப்போருக்கு அந்தக் கவலை இல்லை.

தமிழ்நாட்டுக் கரட்டு நிலங்களில் பழகிய இச்செடியைக் கன்னடத்தில் 'பந்தரே' என்பர். பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளிலும் தானாகவே வளர்கிறது. ஆண்டு முழுவதும் பசுமை மாறாது. ஆடுகளும் இதைப் பெரும்பாலும் கடிப்பதில்லை.

அடையாளம் என்ன?

இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். மெழுகு பூசியதுபோல் மின்னும். தளிரைத் தொட்டால் பிசின்போல் ஒட்டும். பூ சிறியது, எளிதில் கண்ணில் படாது. காயைப் பார்த்தால் சந்தேகமே வராது. காகிதம் போன்ற இரண்டு முதல் நான்கு இறக்கைகள் அதற்கு உண்டு. முற்றும்போது செம்மை படரும்.

விராலி, பூந்திக்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்றைய பெல்ஜியத்தில் 1517-ல் பிறந்த மருத்துவர் டோடோயன்ஸ் நினைவாக 'டோடோனியா' என்றும், ஒட்டும் தன்மையால் 'விஸ்கோசா' என்றும் தாவர நூலார் பெயரிட்டனர். ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலும் இது உண்டு.

வளர்ப்பது எப்படி?

காய்ந்த காய்களைக் கசக்கி, கருநிற விதைகளை எடுக்க வேண்டும். ஆண், பெண் செடிகள் பெரும்பாலும் தனித்தனியாக இருப்பதால், எல்லாச் செடியிலும் காய் கிடைக்காது. விதையின் தோல் கெட்டியானது. அப்படியே விதைத்தால் சரியாக முளைக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீரில் விதைகளைப் போட்டு, ஆறிய பின்னும் ஓரிரவு ஊறவிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்த பைகளில் ஊன்றலாம். சில வாரங்களில் முளைவிடும்.

ஜூன், ஜூலை மழையில் ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். முதல் கோடையில் மட்டும் நீர் ஊற்றினால் போதும். வேரில் நீர் தேங்கக் கூடாது. அவ்வப்போது கத்தரித்து வந்தால் அடர்ந்த வேலியாகும்.

அரசுக் காடுகளில் செடியைப் பிடுங்குவது குற்றம். சாலையோரச் செடியில் ஒரு பிடி விதை எடுத்தால் போதுமே! அதைவிட எளிய வழி ஒன்றுண்டு. மனையைச் சுத்தம் செய்யுமுன், எல்லை ஓரத்தில் நிற்கும் விராலியை விட்டுவைப்பதுதான் அது.